ஹார்ட் ரீஃபைச் சுற்றும் ஹெலிகாப்டர்களை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது: உயரமா, எண்ணிக்கையா, இறங்கும் இடமா?

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், விட்சண்டே தீவுகளுக்கு வெளியே, கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஹார்டி ரீஃப் என்ற பவளத்திட்டு இருக்கிறது. அதற்குள் 17 மீட்டர் அகலத்தில் இதய வடிவில் ஒரு சின்னப் பவளக்கூட்டம். 1975-இல் ஒரு விமானி மேலிருந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அது பேர் வாங்கியது: ஹார்ட் ரீஃப். அதன்மேல் நீந்தவும் முக்குளிக்கவும் அனுமதி இல்லை, இதய வடிவம் முழுசாகத் தெரிய ஆகாயத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அதனால் ஏர்லி பீச் பக்கமிருந்தும் ஹாமில்டன் தீவிலிருந்தும் கிளம்புகிற ஹெலிகாப்டர், சின்ன விமானம், கடல் விமானம் எல்லாம், போகிற வழியில் ஒயிட்ஹேவன் கடற்கரையின் 7 கிலோமீட்டர் வெள்ளை மணலையும் ஹில் இன்லெட்டையும் காட்டிவிட்டு, கடைசியில் இந்த 17 மீட்டரைத்தான் வட்டமடிக்கின்றன. வலப்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு சுற்று, இடப்பக்கம் உட்கார்ந்தவர் முகம் கோணக் கூடாதே என்று எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று.

இதை எப்படி நிர்வகிப்பது என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, எல்லாவற்றையும் நிறுத்து என்கும். இன்னொன்று, மேலே பறக்கிறவனால் பவளத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கும். இந்த இரண்டாவது கட்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று ரீஃப் பெரிய அளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல் சூடானது. 2017 மார்ச்சில் விட்சண்டே பவளத்தை அடித்து நொறுக்கியது டெபி புயல். விமானப் பாதையை இப்படியும் அப்படியும் மாற்றி இதில் எதையும் சரிசெய்ய முடியாது. சின்ன டர்பைன் ஹெலிகாப்டர்கூட மணிக்குச் சுமார் 100 லிட்டர் எரிபொருள் குடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கை எடுத்தால் சிட்னியிலிருந்து ஹாமில்டன் தீவுக்கு வந்த ஜெட் விமானத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பவளத்தைத் தொடாமல், அதன்மேல் நங்கூரம் போடாமல், துடுப்புக்காலால் உதைக்காமல் பார்க்கிற வழி என்று பார்த்தால் மேலிருந்து பார்ப்பதுதான் முதலிடம். ஆகவே "பவளத்தைக் காப்பாற்ற" ஹெலிகாப்டரைக் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

அப்படியென்றால் யாருக்குத்தான் கேடு? மூன்று பேருக்கு. கூடு கட்டும் கடற்பறவைகள், குட்டி போட வரும் திமிங்கிலங்கள், அப்புறம் கீழே அமைதி தேடி வந்த மனிதர்கள். எந்த வழியை எடுத்தாலும் இந்த மூவரில் யாருக்கு உதவுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுப் பார்த்தால், எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற வழி அவ்வளவு கெட்டிக்கார வழி இல்லை என்று தெரிகிறது.

முதலில் தோன்றுகிற வழி உயரம். "இத்தனை அடிக்குக் கீழே வராதே" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் பொதுவான பறப்பு விதிப்படி ஊர் இல்லாத இடத்தில் 500 அடி வரை இறங்கிப் பறக்கலாம். ரீஃப் கடல் பூங்காவோ கடலுக்கு அடியில் 1000 மீட்டர் மண்ணையும் மேலே 915 மீட்டர் ஆகாயத்தையும் சேர்த்துத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது, அதாவது ஏறத்தாழ 3000 அடி வரை. விதி போட இடமிருக்கிறது. அமெரிக்காவில் மான்டெரே விரிகுடாக் கடல் சரணாலயத்தின் சில பகுதிகளில் 1000 அடி, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் கடற்கரைச் சரணாலயத்தில் கரையையும் தீவுகளையும் ஒட்டி 2000 அடி என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒலியின் கணக்கைப் பாருங்கள். தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 500 அடியிலிருந்து 1000 அடிக்கு ஏறினால் அந்த 6 கிடைக்கிறது. அங்கிருந்து 1500-க்கு ஏறினால் இன்னொரு மூன்றரைதான். முதல் 500 அடி கொடுத்ததைவிட அடுத்த 500 அடி குறைவாகக் கொடுக்கிறது, அதற்குள் கீழே சத்தம் பரவுகிற வட்டமும் பெரிதாகிவிடுகிறது. ஏ. எல். பிரவுன் என்பவர் இதே ரீஃபில் கொண்டை ஆலா என்ற கடற்பறவைகளுக்கு விமானச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டி, 1990-இல் முடிவை வெளியிட்டார். சத்தம் மெல்லியதாக இருக்கும்போது பறவைகள் தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. 85 டெசிபலைத் தாண்டிய பிறகுதான் கிளம்பத் தயாராவதும் பறந்தோடுவதும் தெரிந்தது. அது வெறும் சத்தம். நிஜ ஹெலிகாப்டரில் உருவமும் நிழலும் கூடவே வரும்.

இந்த ஆலாக்கள் முட்டையை வெறும் மணலில், பாறையில் இடுகிறவை. தாய் எழுந்து போனால் வெயில் முட்டையைச் சுட்டுவிடும், அதற்கு முன்பே வெள்ளிக் கடற்புறா வந்து கொத்திக்கொண்டு போனாலும் போய்விடும். ஒரே ஒருமுறை கூட்டம் கலைந்தால் போதும். இங்கே சராசரிச் சத்தம் எவ்வளவு என்பது கேள்வியே இல்லை, அந்த ஒருமுறை நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் விஷயம். அதற்கு மேலே தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவது நல்லது. ஒரு கிலோமீட்டர் விலகிப் போ என்றால் அது 3300 அடி உயரத்துக்குச் சமம், உருவமும் தலைக்கு மேல் வராது. பறவைத் தீவுகள் வரைபடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதும் இல்லை. கூடு கட்டும் மாதங்களில் அந்தப் புள்ளிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் சுற்றுலா நடத்துகிறவருக்கு இரண்டு நிமிடம் சுற்றுவழி, அவ்வளவுதான். 1998-இல் வந்த விட்சண்டே நிர்வாகத் திட்டத்திலும் கடற்பறவைகள் கூடு கட்டும் முக்கிய இடங்களுக்குப் பருவக் கட்டுப்பாடு என்ற யோசனை இருக்கிறது. என்னைக் கேட்டால், பறவைக்கான விடையில் பெரும்பகுதி இதோடு முடிந்தது.

திமிங்கிலத்துக்குக் கணக்கு வேறு. ஆகாயத்துச் சத்தம் தண்ணீருக்குள் எல்லாக் கோணத்திலும் நுழைவதில்லை. நேர்கீழாக, 13 டிகிரிக்குள் விழுகிற ஒலிதான் உள்ளே போகும், மீதி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். 500 அடியில் பறக்கிற ஹெலிகாப்டருக்குக் கீழே தண்ணீருக்குள் சத்தம் நேராக இறங்குகிற வட்டம் சுமார் 35 மீட்டர் ஆரம்தான். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் நேராகக் கடந்து போனால் அந்த வட்டம் ஒரு திமிங்கிலத்தின் மேல் ஒன்றிரண்டு விநாடி இருக்கும். அதே ஹெலிகாப்டர் "அதோ குட்டி, அதோ குட்டி" என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால்? பத்து நிமிடம். ஆக, இங்கே உயரத்தைவிட நடத்தைதான் பெரிது. ஆஸ்திரேலியச் சட்டம் ஹெலிகாப்டருக்கு 1650 அடி உயரம், 500 மீட்டர் விலகல் என்றும், மற்ற விமானங்களுக்கு 1000 அடி, 300 மீட்டர் என்றும் சொல்கிறது. விட்சண்டே ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குட்டி போடும் இடம் என்பதால் படகுகளுக்கும் அங்கே வழக்கமான 100 மீட்டர் கிடையாது, 300 மீட்டர். விதிகள் போதும். குளிர்காலத்தில் மைக்கில் "இன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலம்" என்று சொல்லி ஆசை காட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் அதை யார் சட்டமாக எழுதுவது!

உயர விதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்து வந்தால் 1500 அடி என்பது மேகத்துக்குள் போ என்று சொல்வதாகிவிடும், அதை எந்த விமானியிடமும் சொல்லக் கூடாது. பாதுகாப்புக்காக இறங்கலாம் என்று விலக்கு கொடுத்தே ஆக வேண்டும். விலக்கு கொடுத்தால் உச்சிவெயிலிலும் "மேகம் இருந்தது ஐயா" என்று ஒருவர் சொல்வார். ஆகவே உயரம் வேண்டும், ஆனால் அதையே தூணாக வைத்து வீடு கட்ட முடியாது.

அடுத்தது நிரந்தரப் பாதை. போக ஒரு வழி, வர ஒரு வழி, ஹார்ட் ரீஃபைச் சுற்ற ஒரே திசை. இதற்கு முதல் காரணம் பறவையோ அமைதியோ இல்லை, உயிர். 1986 ஜூனில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேல் சுற்றுலா விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் செத்தார்கள். இரண்டிலும் இருந்தவர்கள் ஒரே காட்சியைப் பார்க்க ஒரே இடத்துக்கு வந்தவர்கள். அடுத்த ஆண்டே அதற்கென்று சட்டம் வந்து, பாதைகளும் பறக்கக் கூடாத பகுதிகளும் பிரிக்கப்பட்டன. 2023 ஜனவரி 2-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ஏறிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரும் இறங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரும் மோதி 4 பேர் இறந்தார்கள். ஹார்ட் ரீஃப் மாதிரி எல்லாரையும் ஒரே புள்ளிக்கு இழுக்கிற இடத்தில் ஒரே திசைச் சுற்று என்பதற்கு விவாதமே தேவையில்லை. நிலத்தின் மேல் பாதை போட்டால் அதற்குக் கீழே குடியிருப்பவர் தலையில் எல்லாச் சத்தமும் விழும் என்ற நியாயமான புகார் வரும். இங்கே கீழே பெரும்பாலும் திறந்த கடல், அதனால் அந்தச் செலவும் குறைவு.

எண்ணிக்கை வரம்பு? கேட்க நேர்மையாக இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பறப்பு, அதற்கு மேல் இல்லை. கிராண்ட் கேன்யனில் 2000-இல் இதைத்தான் செய்தார்கள், 1997-98-இல் யார் எத்தனை முறை பறந்தார்களோ அதையே வரம்பாக வைத்தார்கள். இதில் இரண்டு கோளாறு. ஒன்று, அன்றைக்குக் கடை வைத்திருந்தவருக்கு அது பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், புதிதாக அமைதியான விமானத்தோடு வருகிறவருக்கு இடம் இருக்காது. இரண்டு, விலக்கு. பூங்காவை ஒட்டிய ஹுவாலபாய் பழங்குடியினரின் பிழைப்பு இந்தச் சுற்றுலாவை நம்பி இருந்ததால் அவர்கள் நிலத்துக்குப் போகும் பறப்புகளை வரம்பிலிருந்து விலக்கினார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் நிலம். விளைவு என்னவென்றால், லாஸ் வேகஸிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் கூட்டம் அந்தப் பக்கம் குவிந்தது. விட்சண்டேயில் இப்படி ஒரு எண்ணைப் போட்டால் கூட்டம் வடக்கே கேர்ன்ஸ் பக்கத் திட்டுகளுக்கு நகரும். அங்கே மிக்கேல்மஸ் கே போன்ற பறவைத் திட்டுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்குக் குப்பையைத் தள்ளுவது தீர்வாகாது.

மீதி வழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கட்டணம்: ரீஃபுக்கு வரும் சுற்றுலாப் பயணியிடம் தலைக்கு ஒரு சிறு சூழல் கட்டணம் 1993 முதல் வாங்குகிறார்கள். பல நூறு டாலர் கொடுத்து ஹெலிகாப்டர் ஏறுகிறவர் இன்னும் சில டாலருக்காகப் பின்வாங்கப் போவதில்லை, ஆகவே இது வருமானம், கட்டுப்பாடு இல்லை. தானாக முன்வந்து கடைப்பிடிக்கும் ஒப்பந்தம்: புளூ மவுன்டன்ஸ், விக்டோரியாவின் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள் போன்ற இடங்களில் விமானிகளுக்கு 'அண்டை வீட்டாரை மதித்துப் பற' என்ற ரீதியில் அறிவுரைகள் இருக்கின்றன. நாலைந்து நிறுவனம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும், செலவும் இல்லை. வெளியூரிலிருந்து சொந்த விமானத்தில் குடும்பத்தோடு வருகிறவர் அதைப் படித்திருக்க மாட்டார். மின்சார விமானம்: 2019 டிசம்பரில் வான்கூவரில் மின்மோட்டார் பொருத்திய ஒரு கடல் விமானம் பறந்தது, எல்லாரும் கைதட்டினோம். அதை நம்பி இன்றைய முடிவைத் தள்ளிப்போடச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், சுழலியின் சத்தத்தை பேட்டரி குறைக்காது. முழுத்தடை: ரெய்ன் தீவு மாதிரி, பச்சை ஆமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இடத்தில் மனிதனே வேண்டாம் என்று மூடியிருப்பது சரி. ஹார்ட் ரீஃபில் அதைச் செய்தால் அடுத்த நாளே படகில் வந்து எட்டிப் பார்க்க இன்னும் அதிக அனுமதி கேட்பார்கள்.

இப்போது நான் பிடித்துக்கொள்ளச் சொல்கிற வழி: இறங்கும் இடம்.

ஹெலிகாப்டர் சுற்றுலாவில் விலை கூடின பயணம் எது என்று பாருங்கள். ஹார்டி ரீஃபில் மிதவை மேடையில் இறங்கி, மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீந்திப் பார்ப்பது, அல்லது ஒயிட்ஹேவன் மணலில் இறங்கி ஒரு மணிநேரம் இருப்பது. கடல் விமானமும் அங்கே தண்ணீரில் இறங்கிக் கரையோரம் ஒதுங்குகிறது. நானும் அந்த மணலில் உட்கார்ந்திருக்கிறேன், ஆகாயத்தில் கடந்து போகிற விமானத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, இறங்குகிற ஹெலிகாப்டர்தான் பேச்சை நிறுத்த வைக்கும், மணலை வாரி அடிக்கும். மனிதர்களின் புகாரில் பெரும்பங்கு இறக்கமும் ஏற்றமும்தான். விபத்துக்கும் அதுதான் நேரம்: 2018 மார்ச்சில் ஹார்டி ரீஃபின் மிதவை மேடையில் இறங்கப் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 2 பயணிகள் இறந்தார்கள்.

நிர்வாகத்துக்கும் இதுதான் பிடிமானமான இடம். பறப்பின் பாதுகாப்பு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கையில் இருக்கிறது, பூங்கா ஆணையம் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் அவர்களோடு பேசியாக வேண்டும். தண்ணீரும் மிதவையும் பூங்காவின் கையில். இறங்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு நிபந்தனை போடலாம், நிபந்தனையை மீறினால் உரிமத்தை நிறுத்தலாம். விட்சண்டே திட்டம் ஏற்கனவே கடலை, வளர்ச்சி அடைந்த பகுதியிலிருந்து முழுப் பாதுகாப்புப் பகுதி வரை, ஐந்து வகையாகப் பிரித்து எங்கே எவ்வளவு கூட்டம் என்று சொல்கிறது. அதே ஏணியில் இறக்கங்களையும் ஏற்றிவிடலாம்: இந்த மேடைக்கு மணிக்கு இத்தனை இறக்கம், ஒயிட்ஹேவனின் இந்த முனையில் காலை இத்தனை மணிக்கு முன் கிடையாது, மாலையில் கூடாரம் போட்டிருப்பவர்களுக்கு அமைதி. இறங்கும் வாய்ப்புகளை நிரந்தரப் பட்டாவாகக் கொடுக்காமல் சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பங்கிட வேண்டும், சத்தம் குறைந்த விமானத்துக்கு முன்னுரிமை கொடுத்து. கட்டணத்துக்கும் அப்போதுதான் அர்த்தம் வரும், சத்தம் போடும் வண்டிக்கு இறக்கம் விலை ஏறும். இதில் நகாரோ மக்களுக்கும் ஒரு வாக்கு இருக்க வேண்டும், இந்தத் தீவுகளும் கடலும் வெள்ளைக்காரன் படகு வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் புழங்கிய இடம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. இறங்காமல் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிற சின்ன விமானங்களை இறக்க உரிமம் தொடாது. இறக்கத்தை இறுக்கினால் அந்த வகை கூடவும் செய்யும். அதற்குத்தான் உயரத்தையும் ஒரே திசைச் சுற்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடந்து போக 1500, ஹார்ட் ரீஃபைச் சுற்ற 1000, பறவைத் தீவுக்குப் பருவத்தில் ஒரு கிலோமீட்டர் விலகல். இந்த எண்கள் என் யோசனைதான், பேரம் பேசலாம். பேரம் பேசக் கூடாதது கண்காணிப்பு. ஆஸ்திரேலியாவில் கருவிப் பறப்பு விதிகளில் போகிற விமானத்துக்குத்தான் ஏடிஎஸ்-பி என்ற இருப்பிட ஒலிபரப்பி கட்டாயம், கண்ணால் பார்த்து ஓட்டுகிற சின்ன விமானத்துக்கு விருப்பம்தான். சுற்றுலா உரிமம் வேண்டுமென்றால் அதைப் பொருத்து, தடத்தைக் கொடு என்று நிபந்தனை வைக்கலாம். வீட்டுக்கு வரும் சாப்பாட்டுப் பொட்டலம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிகிற காலத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை.

தடம் கிடைத்த பிறகு அமெரிக்கர்கள் 2012-இல் கலிஃபோர்னியச் சரணாலயங்களுக்குக் கொண்டுவந்த சட்ட நுணுக்கம் கைகொடுக்கும். குறித்த உயரத்துக்குக் கீழே பறந்தால் விலங்குகளைக் கலைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விமானியின் பொறுப்பு. பறவை எழும்பியதை யாரோ ஒருவர் பாறையில் உட்கார்ந்து பார்த்துப் படம் பிடித்துச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மேகம் இருந்தது என்ற சாக்கும் வானிலைப் பதிவோடு ஒத்துப் போகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரிசை எப்படி என்றால், முதல் ஆண்டு எண்ணிக்கையில் கைவைக்காமல் தடத்தை மட்டும் வாங்குவேன். ஒரே திசைச் சுற்றும் பறவைத் தீவு வட்டங்களும் உடனே அமலுக்கு வரலாம், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. திமிங்கிலங்கள் வந்து போகிற குளிர்காலம் ஒன்று, ஆலாக்கள் கூடு கட்டுகிற கோடை ஒன்று, இரண்டின் தடங்களும் கையில் வந்த பிறகு ஹார்டி ரீஃப் மேடைக்கும் ஒயிட்ஹேவனுக்கும் மணிக்கு எத்தனை இறக்கம் என்ற எண்ணை எழுதலாம். அந்த எண் எவ்வளவு என்று இப்போதே சொல்லுங்கள் என்று நிறுவனங்களும் கேட்கும், எதிர்ப்பவர்களும் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரு வருடம் பொறுங்கள் என்பதுதான் என் பதில்.